ஆரோக்கியதாஸ் துப்பாக்கி வாங்குகிறார்

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட ரைபிள்கள் எல்லாவற்றையும், இனிமேல் செய்யப்படப் போகிறவற்றில் பாதியையும், தனி ஒரு ஆளாக நின்று வேண்டாம் என்று தள்ளிவிட்ட மாவீரர் ஒருவர் ஏற்காட்டில் இருக்கிறார். ஜெர்மனியில் ஒருவன் குழலைக் கடைந்துகொண்டிருக்கும்போதே இவருக்கு இங்கே அதில் குறை தெரிந்துவிடும்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், முதல் துப்பாக்கி பொறுக்கியெடுப்போர். தொலைதூரக் குறியில் சுடும் போட்டிக்குப் போகவேண்டும் என்று இவர்களுக்கு ஒருநாள் ஆசை வரும். நல்ல ஆசைதான். போட்டிக்குத் துப்பாக்கி வேண்டும். அதுவும் நியாயம்தான். எந்தத் துப்பாக்கி? போச்சு. அந்தக் கேள்விக்குள் நுழைந்த யாராவது வெளியே வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய், “ஏனுங்க, துப்பாக்கி வாங்கியாச்சுங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பஸ் பிடிக்கும் அவசரத்தில் மட்டும் கேட்காதீர்கள். குழல் நீளமாக இருந்தால் பாரம், குட்டையாக இருந்தால் வேகம் போதாது, தோளில் ஊன்றும் கட்டை மரமாக இருந்தால் மலைப் பனியில் ஊறும், பிளாஸ்டிக் கட்டை கன்னத்தில் ஒட்டும், விசை இறுக்கமாக இருந்தால் கை ஆடும், இளக்கமாக இருந்தால் மனசு ஆடும், ஸ்கோப்பில் கோடு தடித்திருந்தால் குறி மறையும், மெலிந்திருந்தால் கோடே மறையும் என்று அவர் அடுக்கி முடிப்பதற்குள் உங்கள் டீயில் ஆடை கட்டிவிடும். சொன்னவர் இதுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

பயிற்சி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். காப்பிக் களத்தில், காயப்போட்ட பழத்துக்கு நடுவே குப்புறப் படுத்து, குடைக்காம்பைத் தோளில் ஊன்றி, சில்வர் ஓக் இலை எந்தப் பக்கம் புரள்கிறது என்று பார்த்துக் காற்றுக்குக் கணக்குப் போடுவார். கணக்கு முடிவதற்குள் பனிமூட்டம் இறங்கி மரத்தையே மறைத்துவிடும். அப்போதும் எழ மாட்டார். மரம் இருந்த திசைக்குக் குறி வைப்பார். பழம் கிளற வரும் பாவாயி அவரைச் சுற்றிக் கிளறிக்கொண்டு போவார்.

“ஏனுங்க ரைட்டரே, கொஞ்சம் திரும்பிப் படுங்க. அந்தப் பக்கமும் காயட்டும்.”

அவர் மனைவி புஷ்பலதா, வரப்போகும் துப்பாக்கிக்காகப் பீரோவில் ஒரு தட்டை ஒழித்து வைத்தார். துப்பாக்கி வரவில்லை. பூனை வந்து குட்டி போட்டது. “இதாச்சும் அவருகிட்ட யோசனை கேக்காமப் போட்டுச்சே” என்றார் புஷ்பலதா.

பக்கத்து வீட்டுப் பையனான நானும் சும்மா இருக்கவில்லை. ‘ரைட்டர் ஊட்டுக்குத் துப்பாக்கி வந்திருச்சு’ என்று கிளியூர் வரைக்கும் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டேன். ஆட்கள் பார்க்க வந்தார்கள். மனுஷர் வெட்கப்படுவார் என்று நான் வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், அவர் வந்தவர்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, வராத துப்பாக்கியில் உள்ள குறைகளை விளக்கினார்.

கடைசியில் சேலத்திலிருந்து, சுடும் கிளப்பின் செயலாளர் சையத் இப்ராஹிம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் டீக்கடையே கேட்டது.

“ரைட்டரே, ஞாயித்துக்கிழமை புது ஆளுங்களுக்குப் போட்டி. கிளப் ரைபிள்லயே சுடுங்க. ஒரு போட்டி சுட்டாத்தான் சொந்தத் துப்பாக்கிக்கு நான் சிபாரிசு எழுத முடியும். இந்தவாட்டியும் வரலீன்னா உங்க இடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேனுங்க.”

ஆரோக்கியதாஸ் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாங்காத துப்பாக்கி ஒருநாளும் குறி தவறுவதில்லை. கையில் ஒன்று வந்துவிட்டால், தவறியது துப்பாக்கியா ஆளா என்று ஊருக்கே தெரிந்துபோகும். பொறுக்கியெடுத்துக்கொண்டே இருந்தால் அந்த நாள் தள்ளிப்போகும்.

“கூட வர்றியா சாமி?” என்று கேட்டார்.

சிரிப்பதற்குத்தான் போனேன். பஸ்ஸில் அவர் முழங்கால் நடுங்கியபோது, “டிரைவர் நொம்ப மோசமா ஓட்டறாருங்க” என்று நாலு பேர் காதில் விழ நான் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

சேலத்தில் மூட்டமும் இல்லை, சில்வர் ஓக்கும் இல்லை. வெயிலில் தரை அலையடித்தது. தூரத்து அட்டை, கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளிந்தது. களத்தில் படுத்துப் போட்ட மலைக்கணக்கு எதுவும் இங்கே உதவாது. ஆரோக்கியதாஸ் தார்ப்பாயில் படுத்தார். வார் நைந்த கிளப் ரைபிளைத் தோளில் வைத்தார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

“ரைட்டரே, தூங்கிட்டீங்களா?” என்று பின்னாலிருந்து செயலாளர் கேட்டார்.

டமார்!

அவர் அட்டையில் ஓட்டையே இல்லை. பக்கத்து வரிசைக்காரர் அட்டையில், நட்டநடுவில், ஒன்று கூடுதலாக இருந்தது.

“இதுக்குப் பூஜ்யந்தானுங்க” என்றார் செயலாளர். “ஆனா சுட்டுட்டீங்க. மிச்சத்தையும் சுடுங்க, சிபாரிசு எழுதிர்றேன்.”

“ஆனாலும் நடுவுலதானுங்களே பட்டுது?” என்றார் ஆரோக்கியதாஸ். மிச்சத் தோட்டாக்கள் எங்கெங்கேயோ போயின. எழுந்தவர் சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், நான் மூட்டை கட்டிக் கொண்டுபோயிருந்த கேலியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“உன் பேரையும் குடுத்திருக்கேன் சாமி. உங்கப்பங்கிட்டக் கையெழுத்தும் வாங்கியாச்சு. படு.”

நான் ரைபிளைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, இதுல கட்டை எனக்கு நீளமுங்க. அந்தக் கடைசியில சாத்தியிருக்கறதக் குடுங்களே.”

“ரண்டும் ஒண்ணுதான்” என்றார் செயலாளர்.

“இல்லீங்க, அதுல விசை இளக்கமா இருக்குமுங்க. இதுல குழலும் பாரம். காத்து வேற இந்தப் பக்கம் திரும்புது பாருங்க...”

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். திறக்கப்போகும் கடைக்கு வருஷக்கணக்காக இடம் பார்ப்பவர்கள், ஒருத்தியிடம் சொல்லப்போகும் ஒரு வரிக்கு இன்னும் வார்த்தை பார்ப்பவர்கள், எல்லாரும் சிரிக்கலாம்.

நான் பேசிக்கொண்டே போனேன். ஆரோக்கியதாஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கத்தில் குந்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்தார்.

“கண்ணு, பயமா இருக்குதா?”