பந்து மெஷினின் இடது கை சூடாவது குறித்து மன்னிக்கு

மயிலாப்பூர், சென்னை-4
(மெட்ராஸ் என்று எழுதினால் தபால்காரர் இப்போது முறைக்கிறார்)
ஐப்பசி, 1996

அண்ணாவுக்கும், இல்லை, மன்னிக்கு ரங்கன் அநேக நமஸ்காரம். முதல் சொல்லைக் கோடு போட்டு அடித்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் இருவரும் பெண் மதுவந்தியைப் பார்க்கப் புனேக்குப் போகும்போதெல்லாம் அப்படியே ஆரம்பித்துப் பேனாவுக்குப் பழகிவிட்டது. இவ்விடம் நானும் ஹம்சாவும் க்ஷேமம், மெஷின்தான் க்ஷேமமில்லை. அவ்விடம் உங்கள் முழங்கால், மதுவந்தி, அவளுடைய மாமியாரின் கோபம் ஆகிய மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "அந்த மெஷின் அந்த ஆத்துல இருக்கிற வரைக்கும் என்னால சாத்தமுது வைக்க முடியலை ரங்கா, எப்படியாவது வித்துடு" என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு ஹம்சா அழுதாள், நானும் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி அழுதேன். துறைமுகத்தில் கப்பல்காரர்களின் கிளப்பை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்ததை அண்ணா மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மாடி ஹாலில் இறக்கிய நாளிலிருந்து அந்தப் பந்தாட்ட மெஷினை உங்களுக்குப் பிடிக்காது. கண்ணாடிக்குக் கீழே உருண்டு வரும் இரும்புப் பந்தை அடித்து மேலே தள்ள இரண்டு பக்கமும் இரண்டு துடுப்பு. அண்ணா அதை ஃப்ளிப்பர் என்பார், நாமெல்லாம் கை என்போம். பொத்தானை அமுக்கினால் கை எழும்பும். எல்லாரும் பந்தை அடிக்கத்தான் அமுக்குவார்கள். அண்ணாவோ இடது கையைத் தூக்கிப் பந்தை அதில் தாங்கி நிறுத்திக்கொண்டு ஆபீஸ் கதை ஒன்றை ஆரம்பிப்பார். கதை முடிகிற வரை பந்தை விடமாட்டார். கூட ஆடுகிறவன் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். கடைசி நாளிலும் அப்படித்தானே பந்தைத் தாங்கிக்கொண்டு, "ஜானு, இங்க வாயேன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். நீங்கள் கீழே அடுப்படியிலிருந்து "சாத்தமுது பொங்கறது, இதோ வந்துட்டேன்" என்றீர்கள். நீங்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொத்தானிலிருந்து அவர் விரலை நான்தான் எடுத்தேன். என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. இதை நினைவூட்ட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. விற்பதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தி.நகரில் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் ஷரீஃப் என்பவர் மெஷினைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. ஆடிப் பார்த்தார். வலது கை அடித்தால் பந்து உச்சிக்குப் போகிறது. இடது கை அடித்தால் பாதி வழி ஏறி, மனசு மாறின மாதிரி திரும்பி வருகிறது. பலகையைத் தூக்கி உள்ளே கையை விட்டவர் "அம்மாடி!" என்று உதறினார். "இன்னா சார், இந்தக் கம்பி சுத்துன காயிலு இப்டி கொதிக்குது? சூடு ஏறிக் கீது, அதான் பவர் பூட்ச்சு. பொத்தான அமுக்கினா மொதல்ல ஃபுல் கரண்ட் போயி கைய தூக்கும். தூக்கினதும் ஒரு சின்ன சுவிட்ச்சு அத்த கட் பண்ணிடும், அப்பால தாங்கிப் புடிக்க கொஞ்சூண்டு கரண்ட்டு போதும். சுவிட்ச்சு கட் பண்ணலேன்னா அம்புட்டு கரண்ட்டும் காயில்லயே ஓடிக்கினு இருக்கும். ஆனா ஒண்ணு சார், இவ்ளோ சூடு ஏறணும்னா யாராச்சும் பொத்தான அமுக்கிப் புட்ச்சிக்கினே இருக்கணும். ஊட்ல யாரு ஆட்றது?" என்றார். பங்குனியிலிருந்து யாரும் தொடவில்லை என்றேன். அவர் மெஷினைப் பார்த்தார், சுவரில் மாலையோடு இருந்த அண்ணா படத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீர் கேட்டார். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் இருக்கத் தினமும் கொஞ்ச நேரம் ஆன் செய்து வைக்க வேண்டும், இடது பக்கம் ஃபேன் காற்றுப் பட வேண்டும், சுவிட்சைச் சுத்தம் செய்ய அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கியவர், ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டுப் போய்விட்டார். தெருவிலிருந்து நான் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

சூட்டைத் தணிக்க நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. மேஜை ஃபேனை இடது பக்கம் பார்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் ஃபேன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. முகத்தில் காற்றடித்தால் அண்ணாவுக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் நான் அதையெல்லாம் யோசிக்கிறவன் இல்லை. தலையாட்டுகிற ஃபேன்தானே, ஆட்டத்தில் அந்தப் பக்கம் நின்றிருக்கும் என்றேன். ஹம்சா, "தலையாட்டற குமிழ் போன வருஷமே உடைஞ்சு போச்சே?" என்றாள். இந்தப் பெண்களுக்குத் தேவையில்லாத சமயத்தில் ஞாபகசக்தி அதிகம். மறுநாள் அவளே, "இடது கைக்கு ஜுரம்னா, ஜுரத்துக்குப் பண்றதைப் பண்ணுவோம்" என்று ஈரத்துண்டைப் பிழிந்து உள்ளே போட, படாரென்று ஃப்யூஸ் போய், மத்தியான சீரியலில் மருமகள் வாயைத் திறந்த நேரத்தில் டிவியும் போய்விட்டது. அதற்காக அவள் என்னோடு சாயங்காலம் வரை பேசவில்லை. நான் ஃப்யூஸ் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். துண்டு நாலாக மடித்து மெஷின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஜன்மத்தில் துண்டை மடித்தவன் இல்லை, இதற்கு நீங்களே சாட்சி. ஹம்சாவோ மாடிக்கே வரவில்லை என்று கற்பகாம்பாள் மேல் சத்தியம் செய்கிறாள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லை. எதிர் வீட்டு வீணைகூட நின்றுவிட்டது. ஈரம் போகட்டும் என்று மெஷினை ஆன் செய்துவிட்டு நான் ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன், ஹம்சா பெருக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் துடைப்பம் நின்றது. "ஏன்னா, இங்க பாருங்கோ" என்றாள். கண்ணாடிக்குக் கீழே இடது கை தூக்கிக்கொண்டு நின்றது. அதன்மேல் பந்து, அசையாமல். பக்கத்தில் யாரும் இல்லை. உள்ளேயிருந்து உம்மென்று ஒரு சத்தம், யாரோ பேச்சை ஆரம்பிப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவார்களே, அது மாதிரி. சுருள் சூடாகிற வாசனை ஹாலெல்லாம். நான் ஈஸிசேரிலேயே கிடந்தேன். ஹம்சாதான் மெஷின் பக்கத்தில் போய், எங்கள் குழந்தைகள் கூப்பிடுகிற மாதிரியே, "பெரியப்பா, மன்னி இங்க இல்லை, புனேல இருக்கா. விட்டுடுங்கோ" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கை மெதுவாக இறங்கியது. மன்னி, அது இப்படி மெதுவாக இறங்குகிற சாமான் இல்லை, டக்கென்று விழுகிற சாமான். ஹம்சா போய்க் காபி போட்டாள். மூன்று டம்ளர் போட்டுக்கொண்டு வந்தாள், நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் பயப்பட வேண்டாம். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது, காரணம் நீங்கள்தான். ஷரீஃப் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, மைத்துனனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மறுபடி வந்தார். பலகையைத் தூக்கி டார்ச் அடித்ததும், "சார், இத்த பாரு!" என்றார். இடது கைக்கு அடியில் அந்தச் சின்ன சுவிட்சின் இரண்டு தகட்டையும் சேர்த்து இறுக்கி ஒரு மஞ்சள் நூல்! அதில் சந்தனம், குங்குமம், ஒரு துணுக்கு விரலி மஞ்சள். போன வருஷம் ஆயுத பூஜையன்று ஸ்கூட்டர், குக்கர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் நூல் கட்டிவிட்டு, "வெளியில கட்டினா மரத்துக்குத்தான் பூஜை, வேலை பண்ற கைக்கில்ல கட்டணும்?" என்று அண்ணாவைப் பலகையைத் தூக்கச் சொல்லி நீங்கள் கட்டினீர்களே, அதே நூல். தகடுகள் பிரியாததால் கரண்ட் கட் ஆகவில்லை. அதனால் சூடு, அதனால் பலம் போய்விட்டது. நூலின் வால் கையில் சிக்கியதால்தான் கை தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது, ஈரத்தில் பொத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணாவே கடைசி மாதங்களில் "இடது கை ஓஞ்சு போச்சுடா ரங்கா, எனக்கு மாதிரியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாவமும் அந்த நூலையே சேரும். ஷரீஃப் நூலை வெட்டி, தகடுகளைத் தேய்த்து, இடைவெளி வைத்து, உள்ளே குட்டி ஃபேன் ஒன்றும் மாட்டிவிட்டார். இப்போது இடது கை அடித்தால் பந்து உச்சியில் மணியடித்துவிட்டு வருகிறது, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. பேயுமில்லை பிசாசுமில்லை, பக்தி அதிகமானதுதான் கோளாறு. வருகிற வெள்ளிக்கிழமை ஷரீஃப் வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொண்டு போகிறார். நீங்கள் இனி நிம்மதியாகச் சாத்தமுது வைக்கலாம். மதுவந்திக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், மாமியாருக்கு மரியாதை, உங்கள் முழங்காலுக்கு ஹம்சா தைலம் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கஸ்தூரிரங்கன்

பி.கு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று வெள்ளிக்கிழமை, வண்டி வந்தது. பிளக்கை நானே பிடுங்கி, ஒயரைச் சுற்றி மெஷின் மேலேயே கட்டி வைத்திருந்தேன். நாலு ஆள் தூக்கினார்கள். தூக்கினதும் இடது கை எழும்பியது. கரண்ட் இல்லை மன்னி, நூலும் இல்லை. பந்து எங்கிருந்தோ உருண்டு வந்து கையில் உட்கார்ந்துகொண்டது. "ஐயோ நைனா!" என்று கத்திக்கொண்டு ஆட்கள் இறக்கிவிட்டு ஓடினார்கள், ஷரீஃபும் ஓடினார், இந்தத் தடவை ஸ்க்ரூடிரைவரை மறக்கவில்லை. நான் பலகைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். கொதிக்கவில்லை. ஒரு மனுஷன் கையைப் பிடித்தால் எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவுதான். எனக்குப் பயமே வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும், முதல் வரியில் அடித்ததையும் அடிக்காததாக எண்ணிக்கொள்ளவும். மெஷினை விற்கப் போவதில்லை. அடுத்த ரயிலுக்கே டிக்கெட் எடுத்து வாருங்கள். அடுப்பில் எது பொங்கினாலும் ஹம்சா பார்த்துக்கொள்வாள். சாயங்காலமாகிவிட்டது, பந்தை இன்னும் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறார். சீக்கிரம் வாருங்கள் மன்னி, அண்ணாவுக்குக் கை வலிக்கும்.