விழித்திருந்த பிலாத்து

திருநீற்றுப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீட்டுக்குள் நுழைந்த மதலைமுத்து, செருப்பைக் கழற்றும் முன்பே மாத்திரை அட்டையை எடுத்து மனைவி மரியாவிடம் நீட்டினார்.

"இந்தா. ஈஸ்டர் வரைக்கும் இத என் கண்ணுல காட்டாத."

"ஏங்க, தவக்காலத்துக்கு எல்லாரும் கறி மீன விடுவாங்க. எதிர்வீட்டு ராஜேஷ்குமார் சிகரெட்ட விட்டிருக்காரு. நீங்க மருந்தயா விடுவீங்க?"

"கறியா என்னைத் தூங்க வெக்குது?"

மரியா அட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் மதலைமுத்துவின் விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் போனது, நரம்பு வலி போகவில்லை. அதற்குக் கொடுத்த மாத்திரை வலியை அடக்கியது, கூடவே மதலைமுத்துவையும் அடக்கியது. சிவாஜிநகர் துணிக்கடையில் சட்டைத்துணி அளந்துகொண்டிருக்கும்போதே கண் செருகும். இப்போது வலி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. தூக்கம் மட்டும், லீஸ் முடிந்தும் காலி பண்ணாத குடித்தனக்காரரைப் போல உட்கார்ந்திருந்தது.

கடையில் தூங்கினால் முதலாளி மட்டும்தான் பார்ப்பார். போன பெரிய வெள்ளியன்று விவேக் நகரே பார்த்தது. பங்குப் பள்ளி மைதானத்தில், காலையிலேயே, இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர் பிலாத்துவாக மதலைமுத்து. கூட்டம் "சிலுவையில் அறையும்!" என்று கத்த, பிலாத்து சிம்மாசனத்தில் குறட்டை விட்டார். தண்ணீர்த் தட்டோடு வந்த காவலன் முழங்கையால் இடித்து எழுப்பினான். விடிந்துவிட்டது என்று நினைத்த மதலைமுத்து, கை கழுவ வேண்டிய தண்ணீரில் முகம் கழுவினார். வாய் கொப்பளிப்பதற்குள் திரை விழுந்தது.

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதி ஒரு வருடமாக அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் பேச வந்தால் பேச்சை மாற்றினார். நாடகத்தை நடத்தும் ஜாய்சன் இந்த வருடமும் அவரையே கூப்பிட்டபோது, "பாவம் பாத்துக் குடுக்கிறான்" என்று முடிவு செய்தார். பெரிய வெள்ளியன்று காலை முழு விழிப்பு. அதுதான் இந்த வருட நேர்ச்சை.

மூன்றாம் நாளே உடம்பு எதிர்க்கட்சியில் சேர்ந்தது. வியர்வை, குமட்டல், பொட்டுத் தூக்கம் இல்லை. விலாவுக்குள் கட்டெறும்பு ஊர்வலம். கடையில் ஒரு அம்மா, "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்றதற்கு, "சும்மா பாக்க இது லால்பாக் பூங்காவா?" என்று கத்தினார். முதலாளி அவரை ஆட்டோ வைத்து டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினார். "யாரக் கேட்டு நிறுத்தினீங்க?"

"ஆண்டவர."

"அவரா ப்ரிஸ்கிரிப்ஷன் எழுதினார்? மூணு வருஷம் சாப்பிட்ட மருந்த ஒரே நாள்ல விடக்கூடாது சார். நரம்பு பேஜாராயிடும். முதல்ல காலை வேளைய ஸ்வல்ப ஸ்வல்பமா குறைப்போம். ராத்திரி வேளை ஈஸ்டர் தாண்டியும் இருக்கும்."

"பெரிய வெள்ளி காலைல முழிச்சிருப்பேனா?"

"சொன்னபடி கேட்டா முழிச்சிருப்பீங்க."

சொன்னபடி கேட்டார். திங்கள் முதல் சனி வரை.

தவக்காலத்தில் ஞாயிறு நோன்புக் கணக்கில் வராது என்பது விவேக் நகரில் எல்லாருக்கும் தெரியும். கறியை விட்டவர்கள் அன்று கறி தின்பார்கள். ராஜேஷ்குமார் அன்று மட்டும் மொட்டைமாடியில் புகைந்துகொண்டே இருப்பார். மதலைமுத்து மட்டன் பிரியாணி தின்றுவிட்டு, பழையபடி முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மனசாட்சி உறுத்தவில்லை.

ஒத்திகையும் ஞாயிற்றுக்கிழமைதான். சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் பிலாத்து சாய்ந்தார். ஜாய்சன் அவரை எழுப்பவில்லை. போனில் வீடியோ மட்டும் எடுத்துக்கொண்டான். தன்னை நீக்க ஆதாரம் சேர்க்கிறான் என்று மதலைமுத்துவுக்குப் புரிந்தது. பரிகாரமாக, மறுநாள் காலை மாத்திரையை மொத்தமாக விட்டார். கட்டெறும்புகள் திரும்பி வந்தன, இந்த முறை குடும்பத்தோடு.

மரியா அவர் கையைப் பிடித்து டாக்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை விதிவிலக்கு டாக்டர். திருச்சபையே சொல்லுது."

"மிஸ்டர் மதலைமுத்து, உங்க நரம்பு இன்னும் ஞானஸ்நானம் வாங்கல. அதுக்கு ஞாயிறு, திங்கள் எதுவும் தெரியாது. ஒரு நாள் ஏத்தி ஒரு நாள் எறக்கினா அதுக்குப் பேரு குறைக்கறது இல்ல, ஊஞ்சல்."

"நல்லா சொல்லுங்க டாக்டர்," என்றாள் மரியா. "நான் சொன்னா பொம்பள பேச்சுன்னுவாரு."

அன்றிலிருந்து மாத்திரை மறுபடியும் மரியாவின் கைக்குப் போனது. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வேளை. கூட ஒன்று கேட்டாலும் கிடைக்காது; குறைத்துக்கொள்கிறேன் என்றாலும் நடக்காது. அவ்வப்போது விலா சுண்டி இழுக்கும். மதலைமுத்து ஒரு பேன்ட் துணி உருளையை விலாவோடு அணைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார்.

"வலிக்குதாங்க?" என்றாள் மரியா, சாயங்காலம் வீடு திரும்பியவரிடம்.

"வலிக்குது. ஆனா முழிச்சிட்டு வலிக்குது."

"எதுக்கு இந்தப் பாடு? வேற யாராச்சும் நடிக்கட்டுமே."

"ஊர் முன்னாடி தூங்கினவன் ஊர் முன்னாடிதான் முழிக்கணும், மரியா."

அன்று காபியில் கூட ஒரு ஸ்பூன் டிகாக்‌ஷன் விழுந்தது.

குருத்து ஞாயிறன்று கடைசி ஒத்திகை. காலை மாத்திரை முழுதாக நின்றிருந்தது. பிலாத்து கர்ஜித்தார். ஜாய்சன் கவலையோடு பக்கத்தில் வந்தான்.

"அங்கிள், உடம்பு சரியில்லையா?"

"ஏன்டா? சூப்பரா இருக்கேன்."

"இல்ல அங்கிள்... ஒரு மாதிரி பளிச்சுனு இருக்கீங்க."

"பெரிய வெள்ளியன்னிக்குப் பாரு," என்று அவன் தோளைத் தட்டினார் மதலைமுத்து.

பெரிய வெள்ளி வந்தது. மைதானம் நிரம்பி, காம்பவுண்டு சுவர் மேலும் ஆட்கள். மதலைமுத்து சிம்மாசனத்தில் ஆணி அடித்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். இமைப்பதைக்கூட சிக்கனமாகச் செய்தார். ஒரு வசனம் தவறவில்லை. நடுவில் விலா ஒரு முறை சுண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் தீர்ப்பைச் சொன்னார். தண்ணீர் வந்ததும் விரலிடுக்கு விடாமல் தேய்த்து, ஆபரேஷனுக்குப் போகும் சர்ஜனைப் போலக் கை கழுவினார். முகத்தில் ஒரு துளி படவில்லை.

முன்வரிசையில் நாலைந்து பேர் கொட்டாவி விட்டார்கள். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் மரியா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஃபிளாஸ்கைத் திறந்தாள். "ஜெயிச்சிட்டீங்க."

மதலைமுத்து கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்து, ஒரு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டார். அப்போது கையில் தண்ணீர் பாட்டிலும் தோளில் பையுமாக, முன்பின் தெரியாத ஒரு அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா, நீங்களும் பரவால்ல. ஆனா போன வருஷம், அநியாயத் தீர்ப்பு சொல்ற நேரத்துல அசந்து தூங்கி, எழுந்து மூஞ்சி கழுவினாரே ஒரு பிலாத்து, அந்த வீடியோவப் பாத்துட்டு அவருக்காகவே சந்தாபுராவுல இருந்து பஸ் வெச்சிட்டு வந்தோம், அந்தப் பெரிய நடிகர் இந்த வருஷம் வரலீங்களா?"