கேக்குக்கு வைத்த பாட்டில்

"பாட்டிலைத் தொடாதீங்க சம்பந்தி. அது கேக்குக்கு," என்றாள் எர்சிலியா.

ஒத்தோரினோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தாலியின் பிரான்ச்சகோர்த்தா பகுதியில் அவருடைய சொந்தத் தோட்டத்துத் திராட்சை. பாட்டிலுக்குள்ளேயே நுரை கட்டி, எட்டு வருஷம் நிலவறையில் கிடந்து, துளி இனிப்பில்லாமல் வந்த ஒயின். வெண்ணெயில் வெந்த ஏரி மீனோடும் சோளக்களியோடும் அதைக் குடிக்க வேண்டும் என்பதற்காகவே, முதல் இரண்டு பாட்டிலை மருமகனின் பிறந்தநாள் விருந்துக்குச் சுமந்துகொண்டு வந்திருந்தார். தானே இன்னும் ருசி பார்க்கவில்லை.

"இனிப்போட குடிச்சா புளிக்கும்மா. இது மீனுக்கு."

"நுரைக்கிறதெல்லாம் கேக்குக்குத்தான். எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

பாட்டில்கள் பின்னறை ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டன. "அப்பா, சும்மா இருங்க," என்று மகள் முணுமுணுத்தாள். சும்மா இருந்தால் அவர் ஒத்தோரினோவா?

மீன் வந்தது. எர்சிலியாவின் கணவர் பத்திஸ்தா, வாயே திறக்காத மனிதர், வழக்கமாக வீட்டு ஒயின் ஊற்றும் மண்கூஜாவோடு வந்து எல்லோருக்கும் ஊற்றினார். ஒத்தோரினோ தன் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வீட்டுக் கழனித்தண்ணியெல்லாம் எனக்கு வேண்டாம்."

எர்சிலியா ஒரு மடக்குக் குடித்தாள். "மீனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

ஒத்தோரினோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கேக் இருந்தால்தானே அதற்காகக் காத்திருப்பார்கள்? கை கழுவும் சாக்கில் சமையலறைக்குப் போய், கேக்கைத் தூக்கி அவசரத்தில் மீன் வெந்த அடுப்புக்குள் ஒளித்து மூடினார். அடுப்பு இன்னும் ஆறவில்லை என்பது கோபத்தில் உறைக்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் கருகல் வாடை. எர்சிலியா அடுப்பின் கதவைத் திறந்தாள். க்ரீம் கஞ்சியாக ஓடியது.

"யார் பார்த்த வேலை இது?"

ஒத்தோரினோவின் சட்டைக் கையில் க்ரீம் இருந்தது.

"சரி, கேக்கு இல்ல. அப்ப பாட்டிலும் வேண்டாம். வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

இது என்ன நியாயம்? எட்டு வருஷ உழைப்பைத் திறக்க ஒரு கேக்கின் அனுமதி வேண்டுமாம்! கேக்கை ஜென்ம விரோதியாக நினைத்த மனிதர், காரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கடை கடையாக அலைந்தார். நாலாவது கடையில் ஒரு கேக் கிடைத்தது.

"கூடக் குடிக்க இனிப்பா ஏதாவது நுரை ஒயின் தரட்டுமா?" என்றாள் கடைக்காரி.

அவர் கேக் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்.

திரும்பி வந்தபோது மேஜையில் மீன்முள்தான் மிச்சம். "கேக்கு வந்தாச்சு. இப்பவாவது திறக்கலாமில்ல?" என்று சொல்லிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாட்டிலைத் தூக்கினார். கனமே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான்.

பின்னாலேயே வந்த பத்திஸ்தா கதவைச் சாத்தினார்.

"கத்தாதீங்க சம்பந்தி, அவளுக்குத் தெரியாது. மீனோட குடிக்க விடமாட்டாளேன்னு நாந்தான் நுரையை அடக்கி, கூஜாவுல ஊத்திக் கொண்டாந்தேன். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, அந்த மீனுக்கு இது மாதிரி ஒண்ணு நான் ஜென்மத்துல குடிச்சதில்ல. உங்களுக்கும் ஊத்தத்தான் வந்தேன், நீங்கதான் கிளாஸை மூடிட்டீங்க."