பல்லு வந்த செய்தி

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டு. வவுனியாவுக்குப் போய், சொல்லிவைச்ச கட்டுப்பல்லைப் போட்டுக்கொண்டு மாங்குளத்துக்குத் திரும்பி வாறது.

மேல்வாய் முன்பல்லு ஆறும் சூத்தை விழுந்து, அஞ்சு மாதத்துக்கு முன்னம் பிடுங்கினது. நான் கத்தின கத்திலை, வெளியிலை காத்திருந்த ரெண்டு பேர் எழும்பி வீட்டை போயிட்டினமாம். பிறகு பல்லிருந்த முரசுப் புண் மாறுமட்டும் கஞ்சிதான். பல்லுக் கட்டுற செலவுக்கு ஒரு நாம்பன் மாட்டை வித்தனான். முழு மாட்டையும் வாய்க்குள்ளை போட்டிட்டன் எண்டு மனிசி சொல்லிக்கொண்டு திரிஞ்சாள்.

வீட்டுக்குள்ளை மட்டுந்தான். வெளியிலை இது பரம ரகசியம். நான் பள்ளிக்கூட வாத்தியார். பெடியளுக்குத் தெரிஞ்சால் ‘பொக்கை வாத்தியார்’ எண்டு பேர் வைச்சிடுவாங்கள், பென்சன் எடுத்தாலும் போகாது. தொண்டை நோ எண்டு சொல்லி, அஞ்சு மாதமும் சால்வையாலை வாயைப் பொத்திக்கொண்டு படிப்பிச்சனான்.

மனிசியும் எட்டு மாதக் கைப்பிள்ளையும் என்னோடை வந்தவை. பல்லு கொழும்பிலையிருந்து வந்திட்டுது, கொஞ்சம் ராவவேணும், பின்னேரம் வாங்கோ எண்டார் டொக்குத்தர்.

அடுத்த வீட்டிலை இருக்கிற மச்சாள், மனிசியின்ர தமக்கை, எங்களைக் காணேல்லை எண்டு தேடுவா. எங்கட பக்கம் போற பஸ் கொண்டக்டரைப் பிடிச்சன். பஸ்ஸுக்குள்ளை என்னட்டைப் படிக்கிற பெடியளின்ர தேப்பன்மார் ரெண்டு பேர். கட்டுப்பல்லெண்டு வாய் திறக்கேலுமோ?

“மச்சாளிட்டைச் சொல்லிவிடுங்கோ, பல்லு வந்திட்டுது, பொழுதுபட முன்னம் வந்திடுவம்” எண்டன்.

ஆரின்ர பல்லு எண்டு சொல்லேல்லை. என்ர கெட்டித்தனத்தை நினைச்சு எனக்கே புளுகம் தாங்கேல்லை.

பின்னேரம் பல்லைப் போட்டுக்கொண்டு வந்து பாத்தால் வீட்டு முத்தம் நிறையச் சனம்! நடுவிலை வெள்ளைச் சீலை விரிச்சிருக்கு. பக்கத்திலை ஒரு கடகம் கொழுக்கட்டை, ஒவ்வொண்டிலையும் தேங்காய்ச் சொட்டாலை பல்லு வைச்சிருக்கு. பிள்ளைக்கு முதற்பல்லு முளைச்சால் தலையிலை கொட்டுற பல்லுக்கொழுக்கட்டை.

மச்சாள் பிள்ளையைப் பறிச்சு வாயைத் திறந்து பாத்தா. வெறும் முரசு. சனமும் ஒவ்வொருத்தராக் குனிஞ்சு பாத்துது.

“பல்லெங்கை?” எண்டா மச்சாள்.

மனிசி என்னைப் பாத்தாள். நான் முகட்டைப் பாத்தன்.

கதையை மாத்துவம் எண்டு ஒரு கொழுக்கட்டையை எடுத்துக் கடிச்சன். அஞ்சு மாதத்துக்குப் பிறகு முதற்கடி. மா நல்ல களி, பல்லிலை ஒட்டிப் பிடிச்சிட்டுது. கையை இழுக்கக் கொழுக்கட்டை வந்துது. கூடவே பல்லும் வந்துது.

முன்னாலை என்ர நாலாம் வகுப்பு முழுக்க நிக்குது. வெக்கத்திலை எனக்குச் செத்திடலாம் போலை இருந்துது.

மச்சாள் கொழுக்கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா.

“கொண்டக்டர் பொய் சொல்லேல்லை” எண்டா.

இவ்வளவு பண்டமும் வீணாப் போகக்கூடாதாம். என்னை வெள்ளைச் சீலையிலை இருத்தி, தலையிலை கொட்டிச்சினம். அது முடியத் தட்டு வந்துது. புத்தகம், பேனை, காப்பு, நெல்லு எல்லாம் வைச்சு, பிள்ளை எதை எடுக்குதெண்டு பாக்கிற வழக்கமொண்டு இருக்கெல்லே, அந்தத் தட்டு. மச்சாள் என்ர பல்லையும் கழுவி அதிலை வைச்சிருந்தா.

வாத்தியார் புத்தகத்தைத்தான் எடுப்பார் எண்டு பெடியள் பாத்துக்கொண்டு நிண்டவங்கள்.

நான் பல்லை எடுத்தன்.