கடலிலிருந்து தெரியும் துணிக்கொடி

கோட்டர்ஸ் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து.
அக்டோபர் 14, ஞாயிறு

அன்பும் மரியாதையும் மிகுந்த மூத்த மைத்துனி பெர்னடெட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லொரெட்டாவின் கணவன் ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் சுகம். அங்கே அறுவை சிகிச்சையில் வைத்த உங்கள் புது இடுப்பும், சகலை கஸ்ஸின் பழைய முழங்காலும், ஆல்பர்ட்டாக் குளிரிலும் கெடாமல் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போன வாரம் தொலைபேசியில், "அவகிட்ட அப்படி என்னதான் சொல்லித் தொலைச்சே?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. உண்மையில் அது அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்துவிட்டேன். அந்தப் பதிலை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். லொரெட்டா ஊர் திரும்ப அவசரம் ஒன்றுமில்லை என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். உங்களைப் பார்த்துக்கொள்ள ஆறு வாரம் என்று சொல்லிப் போனவள், ஐந்து மாதமாகிறது. இருக்கட்டும். நீங்கள் கைத்தடியைப் போட்டுவிட்டு சனிக்கிழமை நடனத்துக்கே போய் வருவதாக எதிர்வீட்டு டல்சி சொன்னாள். மிக்க மகிழ்ச்சி.

முப்பத்தொரு வருடம் அக்கரைக்கு ஆளேற்றிப் போகும் ஃபெர்ரிக் கப்பலில் இஞ்சின் அறை வேலை. இரண்டு வாரம் கப்பல், இரண்டு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் நாளில் பாதி நேரம் தூங்குவேன், மீதி நேரம் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கொட்டகையில் கிடப்பேன். ஆகையால் வீட்டு வேலை எப்படி நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. சாப்பாடு வந்தது. மடித்த சட்டை வந்தது. கப்பலில் எண்ணெய் தானாகக் குழாயில் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் சட்டை தானாக வராது என்று தோன்றவில்லை. மார்ச்சில் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டி, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து லொரெட்டா வேலை செய்வதைக் கவனிக்கத் தொடங்கினேன். கெட்டில் ஒரு மூலையில், தேயிலை எதிர்மூலையில். மாவு கீழ்த்தட்டில், மாவுக் கிண்ணம் மேல்தட்டில். ஒரு ரொட்டி போடுவதற்குள் மூன்று தடவை காரணமில்லாமல் ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வருகிறாள். எந்த இஞ்சினியருக்கு மனசு பொறுக்கும். ஒரு சனிக்கிழமை அவள் மாதாகோவில் மண்டபத்துக்குச் சீட்டாடப் போயிருந்தபோது அலமாரிகள் அத்தனையையும் காலி செய்து, எது எங்கே இருந்தால் கால் வலிக்காது என்று கணக்குப் போட்டு அடுக்கி, ஒவ்வொரு தட்டிலும் பெயரெழுதி ஒட்டினேன். திரும்பி வந்தவள் ஒரு கதவைத் திறந்தாள், மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள், மூடினாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"பேரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கே. எனக்குப் படிக்கத் தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றாள்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு மாதம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒட்டுத்தாளைப் படித்துப் படித்துச் சமைத்தாள். ஒரு நாள் கையில் கரண்டியோடு அடுக்களை நடுவில் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். அந்த வீட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்தவள் மாதிரி நின்றாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு உங்கள் இடுப்புச் செய்தி வந்தது. இருபது நிமிடத்தில் பெட்டி கட்டினாள். வாசலில் கையுறையை மாட்டிக்கொண்டே, "வீட்டப் பாத்துக்குவியா?" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "இதுல என்ன இருக்கு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டுக் காலை நீட்டிருவேன். நீதான் இத்தனை வருஷமா இதை நாள் பூரா இழுத்துக்கிட்டிருந்தே." அவள், "சரி" என்றாள். வண்டி ஏறினாள்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். கடிதத்தை இந்த இடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் தாள் மிச்சமிருக்கிறது, வெளியே மழை.

முதல் திங்கட்கிழமை துணி துவைத்தேன். இயந்திரத்தில் துவைத்து, கூடையில் அள்ளி, கைக்கு வந்த வரிசையில் கொடியில் மாட்டினேன். ஒற்றைக் காலுறை, போர்வை, உள்ளாடை, கைத்துண்டு, இன்னொரு ஒற்றைக் காலுறை. பத்து மணிக்கு டல்சி தொலைபேசியில் வந்தாள். அவள் கணவன் இறந்து ஒன்பது வருடமாகிறது. அன்றிலிருந்து ஊரை அவள் ஜன்னல்தான் காவல் காக்கிறது.

"ஆம்ப்ரோஸ், யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"அப்ப ஏன் கொடி அப்படிக் கலைஞ்சு கெடக்கு?"

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து மூன்று பானை சூப் வந்தது. கடைக்கார லியாண்டர் துக்கம் கேட்க வந்தவன் மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றுவிட்டுப் போனான். மூன்று நாள் சாப்பாட்டுக்குக் கவலையில்லாமல் போயிற்று. அடுத்த திங்கட்கிழமையும் அதே மாதிரி மாட்டிப் பார்த்தேன். அந்த வாரம் யாரும் சூப் கொண்டுவரவில்லை.

ரொட்டி விஷயத்தை விரிவாக எழுத வெட்கமாக இருக்கிறது. முதல் ரொட்டியை முற்றத்தில் போட்டேன். ஒரு கடற்காகம் வந்து ஒரு கொத்து கொத்தியது, பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான்காவது ரொட்டியை வெட்ட முடிந்தது. ஏழாவதைத் தின்ன முடிந்தது. டல்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தின்றாள். "ருசி இருக்கு. ஆனா ஏன் மொட்டையா இருக்கு? மூணு உருண்டை வச்சாத்தானே மூணு திமிலா எழும்பும்" என்றாள். மாவு ஒன்றுதான், எடை ஒன்றுதான், மூன்றாக உருட்டினால் வேலைதான் மூன்று மடங்கு என்று விளக்கினேன்.

"மூணா இருந்தா அழகுப்பா."

"திங்கிற ரொட்டிக்கு எதுக்கு அழகு?"

"திங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாக்கறோமில்ல" என்றாள்.

எட்டாவது ரொட்டியை மூன்று உருண்டையாக வைத்தேன். அடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் இல்லை, ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்ணெய் உருகவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த ரொட்டி அழகாக இருந்தது.

ஆகஸ்டில் ஒட்டுத்தாள்களைக் கிழித்துவிட்டு எல்லாவற்றையும் அவள் வைத்திருந்தபடி திரும்ப அடுக்குவது என்று முடிவு செய்தேன். எப்படி வைத்திருந்தாள் என்று நினைவில்லை. பார்த்தால்தானே நினைவிருக்கும். எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டு வெறும் தட்டைப் பார்த்தபோது, தட்டில் விரித்திருந்த காகிதத்தில் வட்டம் வட்டமாகத் தடம் இருந்தது. வருஷக்கணக்காக அதே இடத்தில் நின்ற கோப்பை, ஜாடி, டப்பா ஒவ்வொன்றும் தன் இடத்தைப் பதித்து வைத்திருந்தது. அந்தக் காகிதத்தின் ஓரத்தைப் பூ இதழ் மாதிரி கத்தரிக்கோலால் வெட்டியிருந்தாள். கதவு மூடிய அலமாரிக்குள்ளே, பெர்னடெட், யார் கண்ணுக்கும் படாத இடத்தில். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வட்டத்தில் வைத்துப் பொருத்திக்கொண்டே வந்தேன். நீலக் கோப்பைகள் ஏன் ஜன்னலை ஒட்டிய தட்டில் என்று காலையில்தான் புரிந்தது. கதவைத் திறந்ததும் வெளிச்சம் நேராக அவற்றின் மேல் விழுகிறது. தேயிலை எதிர்மூலையில் இருந்தால் என்ன, போகிற வழியில் கடல் தெரிகிறது. நான்கு நாள் வேலை. கடைசியில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சியது. எந்தப் பாத்திரமும் அதில் உட்காரவில்லை. கொட்டகை, நிலவறை, மச்சு எல்லாம் தேடினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, உங்கள் அம்மாவின் பால் ஜாடி, கைப்பிடியில் ஒட்டுப் போட்டது. அது வீட்டில் இல்லை.

ஆறு வாரம் போகிறவள் செருப்பு எடுத்துப் போவாள், கம்பளிச் சட்டை எடுத்துப் போவாள். பால் ஜாடி எடுத்துப் போக மாட்டாள்.

அன்று முழுவதும் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சாயங்காலம் டல்சி வீட்டுக்குப் போய், "அவ வருவாளா?" என்று கேட்டேன். டல்சி நேராகப் பதில் சொல்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தேநீரை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "கப்பல்லேர்ந்து அவ கொடியப் பாத்திருக்கியே, அத மாதிரி ஒரு நாளாவது மாட்டக் கத்துக்கோ முதல்ல" என்றாள்.

"கப்பல்லேர்ந்தா?"

"ஆமா. மேல்தளத்துல எல்லாரும் பாத்துக்கிட்டே வருவாங்களே. வானம் எப்படி இருக்குன்னு ஜன்னல்ல போய்ப் போய்ப் பாத்துட்டுத்தான் அவ வரிசையே வைப்பா. மூடுபனின்னா செவப்பு, பழுப்பு. வெயில்னா நீலத்துல ஆரம்பிச்சுக் கடைசியில வெள்ளை. நீ கரைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் ஓரத்துல அந்த மஞ்சள் மேஜை விரிப்பு. அது அழுக்கே ஆகாதது. சும்மா நிறத்துக்குத்தான் தொங்கும்."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"நீ பாத்திருப்பேன்னு நெனச்சோம்."

"நான் கீழ இருந்தேன், டல்சி."

"முப்பத்தொரு வருஷமுமா?"

"இஞ்சின் கீழதானே இருக்கு."

அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். நான் மெதுவாக, "நான் பாக்கலைங்கிறது லொரெட்டாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன. நானே ஒரு தடவை கேட்டேன். அவன்தான் பாக்கறதே இல்லையேடி, யாருக்கு இந்தச் சிங்காரம்னு. 'நான் பாக்கறேன்ல' ன்னா."

அந்தப் பதிலை எந்தப் பக்கம் புரட்டினாலும் எனக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். டல்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அதத் தள்ளு, இத இழு, சட்டையத் தலைகீழா மாட்டு, கை தொங்கட்டும்" என்று அதட்ட அதட்ட, நீலத்தில் ஆரம்பித்து வெள்ளையில் முடித்து, ஓரத்தில் மஞ்சள் விரிப்பையும் மாட்டினேன். பிறகு நல்ல சட்டை போட்டுக்கொண்டு துறைக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகச் சீட்டு வாங்கி ஃபெர்ரியில் ஏறினேன். அக்கரைக்குப் போய் இறங்காமலே திரும்பி வந்தேன். என்னோடு வேலை பார்த்த வின்ஸ், கயிறு சுருட்டுகிறவன், மேல்தளத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "சீஃப், வழி தவறி மேல வந்துட்டீங்களா?" என்றான். கொடி பார்க்க வந்தேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. தள்ளி நின்று எனக்குக் கம்பியோரம் இடம் கொடுத்தான்.

முனையைத் தாண்டியதும் எங்கள் மேடு தெரிந்தது. வீடு தெரிவதற்கு முன்னால் கொடிதான் தெரிகிறது. இது எனக்குத் தெரியாது. பாறையும் புல்லும் சாம்பல் நிறமுமாகக் கிடக்கிற கரையில், நீளமாக ஒரு கோடு நிறம், அசைந்துகொண்டே. என் வேலைச் சட்டைகள் கூட அந்தத் தூரத்தில் பார்க்க நன்றாக இருந்தன. அந்தச் சமயம் தென்மேற்கிலிருந்து ஒரு காற்று அடித்தது. பெரிய போர்வை க்ளிப்புகளை உதறிவிட்டு மேலே எழும்பியது.

"சீஃப், உங்க போர்வை போகுது."

"தெரியுது."

"ஹாரன் அடிக்கச் சொல்லவா? யாராவது பிடிப்பாங்க."

"வேண்டாம். போகட்டும்."

அது லியாண்டர் கடைக் கூரையைத் தாண்டி, மீன் கொட்டகையைத் தாண்டி எங்கோ இறங்கியது. மஞ்சள் விரிப்பு மட்டும் நின்று ஆடிக்கொண்டிருந்தது. பெர்னடெட், வீட்டில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை மாட்டியவனே நான்தான். இருந்தாலும் கப்பல் கரையைத் தொட்டதும் முதல் ஆளாக இறங்கி, மேட்டுப் பாதையில் எட்டிப் போட்டு நடந்தேன். பாதி வழியில்தான் யாரைப் பார்க்க இப்படி ஓடுகிறேன் என்று தோன்றி, நின்று, மூச்சு வாங்குகிறது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

போர்வை அடுத்த நாள் கிடைத்தது. அதன் மேல் லியாண்டரின் நாய் படுத்திருந்தது.

இப்போதெல்லாம் வேலை மத்தியானத்துக்குள் முடிவதில்லை. ஜன்னல் வரைக்கும் நானும் போய்விட்டு வருகிறேன். காட்டுப்பழ ஜாம் பாட்டில்களை ஜன்னல் விளிம்பில் கறுப்பிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து தேன் நிறம் என்று வரிசையாக வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு வெயில் அவற்றுக்குள் புகுந்து எதிர்ச்சுவரில் விழுகிறது. பத்து நிமிடம்தான். யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்தது. டல்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஜாம்" என்றாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. காட்ட வேண்டிய ஆள் அவள் இல்லை.

மற்றபடி இங்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. லொரெட்டா அவசரப்பட வேண்டாம், உங்களுக்குத் துணையாக எவ்வளவு நாள் வேண்டுமோ இருக்கட்டும். அவளிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சகலை கஸ்ஸுக்கு என் வணக்கம். உங்கள் இடுப்பு நூறு வருஷம் நடக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், உங்கள் கூரை மேல் பனி லேசாக விழட்டும்.

இப்படிக்கு,
என்றும் மரியாதையுள்ள
ஆம்ப்ரோஸ் ஹைன்ஸ்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி டல்சியிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தாள். "பிழை ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். எங்கே என்றேன். "மொத வரியில. பேரு தப்பு" என்றாள். இரண்டு தடவை முதல் வரியைப் பார்த்தேன், பெர்னடெட் என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். அப்புறம் புரிந்தது. எல்லாவற்றையும் திரும்ப எழுதினால் தைரியம் போய்விடும். ஆகவே பெர்னடெட், தயவுசெய்து நீங்கள் இதில் ஒரு வரியும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை என்று வருகிற இடங்களை மட்டும் பேனாவால் கெட்டியாக அடித்துவிட்டு, லொரெட்டா உட்கார்ந்திருக்கும் அறைக்குப் போய்க் கடிதத்தை அவள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிடுங்கள்.