கூரையில் முட்டும் பலூன்கள் குறித்து மாமாவுக்கு

அன்புள்ள மாமா சின்னப்பராஜ் அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து உங்கள் மச்சான் ஸ்டீபன்ராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது. வளவனூரில் தாங்களும் செல்வி அக்காவும் எலிசாக் குட்டியும் மாதாவின் அருளால் நலமாயிருப்பீர்கள். நான் நலமாயில்லை. காரணம் நீங்கள். நேற்று போனில் நான் கத்தினதிலிருந்து என் போனை எடுக்க மாட்டேனென்று முறுக்கிக்கொண்டிருப்பதால், ஊருக்கு வரும் எங்கள் வாட்ச்மேன் மாரியப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு "மச்சான் கம்பெனியில காத்தடிக்கிறான்" என்று சொல்வதை நிறுத்துங்கள். நான் காற்றை அடிப்பதில்லை, எடுக்கிறேன். ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போகவேண்டிய தொட்டி. அதற்குள்ளிருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, லீக் கண்டுபிடிக்கும் மெஷினை அதோடு இணைத்து, வெளியே ஒவ்வொரு மூட்டிலும் வெல்டிங்கிலும் ஹீலியம் வாயுவைத் துளித்துளியாகத் தூவிக்கொண்டே போகவேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே ஹீலியம் உள்ளே நுழையும், மெஷின் கத்தும். தலைமுடி நுழையாத இடத்திலும் அது நுழையும். சாதாரணக் காற்றில் ஹீலியம் இல்லாத மாதிரிதான், அதனால் மெஷினுக்கு ஆள் மாறாட்டமே கிடையாது. சிலிண்டரிலிருந்து வரும் குழாயை நான் இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலை செய்வேன். புதுக் குழாய் கேட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பழையதை வெட்டி நானே கிளிப் போட்டு ஒட்டியது. என் கைவேலை, கோளாறே வராது.

ஞாயிற்றுக்கிழமை எலிசாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். நம் வீட்டு வழக்கப்படி அவள் கையிலிருக்கும் மெழுகுவர்த்தியைத் தாய்மாமன் நான்தான் ஏற்றவேண்டும். "நீ வரலைன்னா நான் கோயிலுக்கே போவமாட்டேன் மாமா" என்று போனில் அழுதிருக்கிறாள். தொட்டியின் லீக்கைக் கண்டுபிடித்து அடைத்தால்தான் லீவு என்று சூப்பர்வைசர் வேங்கடேசன் சார் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில்தான் நேற்று நீங்கள் கையில் பலூன் கொத்தோடு எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள்.

"இன்னா மச்சான், கேஸு கேட்டா குடுக்கமாட்டேன்னிட்ட. கடையில ரொப்பிக்கினு வந்துட்டேன் பாரு. பஸ்ஸுல எல்லாத்தையும் ஏத்தமாட்டேன்றான். பாதி உங்கிட்ட இருக்கட்டும், வர்றப்போ எடுத்தாந்துடு."

"ஷெட்டுக்குள்ள உடாதீங்க மாமா!"

"காத்துதானேடா, கடிக்கவா போவுது?" என்று கையை விட்டீர்கள். அத்தனையும் போய்க் கூரையில் முட்டிக்கொண்டு நின்றன. நீங்கள் மீதியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அப்புறம் ஆரம்பித்தது பேஜாரு. தொட்டியின் தலையில் தூவினேன், மெஷின் கத்தியது. காலில் தூவினேன், கத்தியது. தூவாமல் சும்மா நின்றேன், அப்பவும் கத்துது. மூடியைக் கழட்டி வாஷர் மாத்தினேன், எல்லா போல்ட்டையும் முறுக்கினேன், ம்ஹூம். சிலிண்டரை மூடிட்டு டீ குடிக்கப் போனா அடங்குது, வந்து திறந்தா அலறுது. வேங்கடேசன் சார் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா ஸ்டீபனு, லீக்கு தொட்டியிலயா, உங்கிட்டயா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. மானம் போச்சு. யோசிச்சுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை: உங்க பலூன்தான். அதுலேர்ந்து ஹீலியம் கசிஞ்சு ஷெட் முழுக்க நிறைஞ்சு கிடக்குது. எங்கே நின்னாலும் அது போய் ஓட்டைக்குள்ள பூந்துக்குது. ஓட்டை எங்கேன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆகவே நான் வரப்போவதில்லை. மெழுகுவர்த்தியை உங்கள் தம்பி அலெக்ஸை விட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். எலிசா அழுதால் பலூனைக் காட்டிச் சமாதானப்படுத்துங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. எலிசாவுக்கு முத்தமும் ஆசீரும். தங்களுக்கு, மரியாதைக்காக மட்டும், வணக்கம்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
ஸ்டீபன்ராஜ்

பி.கு.: மாரியப்பன் கிளம்புறதுக்குள்ள பலூனை ஒழிச்சுக் கட்டலாம்னு துரட்டியால ஒண்ணை இழுத்தேன். ஆதாரத்தோட எழுதலாமேன்னு, மெஷினைத் தொட்டியிலேர்ந்து கழட்டி, ஹீலியத்தை முகர்ந்து பார்க்கிற குழாயை அதுல மாட்டி, பலூன் வாயில வெச்சேன். மெஷின் மூச்சே விடலை. இன்னொரு பலூன், அதுவும் அப்படியே. முகர்ற குழாயைக் கையில புடிச்சுக்கினு திரும்பினேன். என் இடுப்புகிட்ட வந்ததும் அலறுச்சு பாருங்க, ஷெட்டே திரும்பிப் பார்த்துச்சு. சிலிண்டர் குழாயில நான் கிளிப் போட்ட இடம். கதவையெல்லாம் திறந்துபோட்டு, ஸ்டோர்ல புதுக் குழாய் வாங்கி மாட்டி மறுபடி தூவினேன். அடி வால்வுகிட்ட மட்டும் கத்துச்சு. நட்டை முறுக்கினேன், அடங்கிடுச்சு. சார் லீவு குடுத்துட்டாரு.

ஆனா ஹீலியம் இல்லாம பலூன் எப்படி மேலே போச்சு? கடைக்காரன் ரொப்பினது ஹைட்ரஜனாத்தான் இருக்கும். நெருப்பு பட்டா குப்புனு பிடிச்சுக்கும். எலிசா கையில மெழுகுவர்த்தி! அக்காவுக்கு உடனே போன் போட்டு, அடுப்பு பக்கமே போவாம எல்லாத்தையும் வெட்டவெளியில அவுத்து உடச் சொல்லிட்டேன். "இன்னாவாம், இப்போ என் பலூனும் லீக்கா?"ன்னு நீங்க பின்னாலேர்ந்து கத்தினது கேட்டுச்சு. அலெக்ஸ் தீப்பெட்டியைத் தொடவேண்டாம். பஸ் ஏறிட்டேன், கடிதத்தையும் நானே கொண்டு வர்றேன். பின்குறிப்புக்கு மேல இருக்கிறதைக் கிழிச்சுட்டுத்தான் உங்க கையில தருவேன்.