பரமலிங்கத்தாரின் பிறேக் லைற்

கார்த் திறப்பை, அந்தச் சாவியை, உயிருள்ளவரை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை என்று பரமலிங்கத்தார் முடிவெடுத்தார். கொடிகாமத்து வீட்டுக்குக் கார் வந்து சேர்ந்த அன்றைக்கே எடுத்த முடிவு அது. சட்டைப் பையில் வைத்தால் விழுந்துவிடும். மேசையில் வைத்தால் யாராவது தூக்கிவிடுவார்கள். ஆகவே திறப்பை அரைஞாணில் முடிந்துகொண்டார். குளிக்கும்போது மட்டும் அதற்கு ஒரு பொலித்தீன் பை கட்டுவார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பஸ்ஸில் ரிக்கற் பரிசோதகராக இருந்து இளைப்பாறிய மனிதர். கோயில் வீதியில் யாராவது "சுகமோ?" என்று கேட்டால்கூட, ரிக்கற் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்ப்பார். உத்தியோகம் போய்விட்டது. சந்தேகம் மட்டும் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

கார் யப்பானில் ஓடி, கொழும்பில் கைமாறி வந்த ஹைபிரிட். அதில் அவருடைய உயிர் குறூஸ் கொன்றோலில் இருந்தது. பொத்தானை அமத்தினால் கார் தன்பாட்டில் ஒரே வேகத்தில் ஓடும். காலுக்கு வேலையில்லை. ஏ-ஒன்பது வீதியில் பளை தாண்டியதும் பரமலிங்கத்தார் பொத்தானை அமத்திவிட்டு, இரண்டு காலையும் தூக்கி மடித்துச் சம்மணம் கொட்டி விடுவார், பந்தியில் இருப்பவர் மாதிரி. பக்கத்தில் மனைவி பத்மாசினி தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேவாரம் முணுமுணுப்பாள்.

அவளுக்கு இன்னொரு மனவருத்தமும் இருந்தது. அந்த வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது. கார் வாங்கினால் அங்கே ஒரு சாக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்திருந்தாள். ஆனால் வவுனியாவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

"இஞ்சேரப்பா, பிள்ளையாரடி வருகுது. நிப்பாட்டுங்கோ."

"பிறேக்கைத் தொட்டால் குறூஸ் அறுந்துபோம்."

"அறுந்தால் திரும்பப் போடேலாதே?"

"உமக்கு உது விளங்காது. காருக்குள்ளை இருந்து கும்பிடும். பிள்ளையாருக்கு விளங்கும்."

"அப்ப நான் கார் ஓடிப் பழகட்டே?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

பரமலிங்கத்தார் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. "நீரோ? சைக்கிளிலை போனாலே வேலிக்குள்ளை போற ஆள் நீர்."

பிள்ளையார் பின்னால் போய் மறையும்வரை அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. செவ்வாயும் வியாழனும் சாவகச்சேரியில் திருவாசக வகுப்பு என்று பின்னேரங்களில் போய்வரத் தொடங்கினாள். நல்ல விசயம்தானே என்று பரமலிங்கத்தார் விட்டுவிட்டார். அவர் தம் வாழ்நாளில் சந்தேகப்படாமல் விட்ட ஒரே விசயம் அதுதான்.

இந்த நேரத்தில் பத்மாசினியின் தம்பி சுபாஸ்கரன் கனடாவிலிருந்து வந்து வவுனியாவில் மாமனார் வீட்டில் நின்றான். போனில் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தான், உங்கடை றோட்டிலை குறூஸ் கொன்றோலோ?" என்று சிரித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம், உன்னையும் ஏற்றிச் சம்மணம் கொட்டிக் காட்டுகிறேன் என்று பரமலிங்கத்தார் சவால் விட்டார். மானம் மரியாதை எல்லாம் அந்தப் பொத்தானில் போய்க் குந்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை காரைப் பின்னுக்கு எடுத்தார். கேற்றைத் திறந்து பிடித்திருந்த பத்மாசினி கையைக் காட்டினாள்.

"பிறேக் லைற் எரியேல்லையப்பா."

"நல்லாப் பாரும்."

"கண்ணை முழிச்சுப் பாத்துத்தான் சொல்லுறன். ஒண்டும் எரியேல்லை."

ரிக்கற்றைத் தன் கண்ணால் காணாமல் நம்புகிற மனிதரா? காரின் பின்பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தி, பிறேக்கை மிதித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பினார். மதிலில் ஒரு பொட்டுச் சிவப்பும் விழவில்லை. வயல் றோட்டில் கொஞ்சத் தூரம் ஓடிக் குறூஸ் பொத்தானை அமத்தினார். அதுவும் வேலை செய்யவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் மனைவியிடம் கத்தினார்.

"ரெண்டும் ஒண்டாய்ச் சாகுமோ? உது ஆரோ செய்த வேலை. பக்கத்து வீட்டுச் சிவரூபன்தான். மகளின்ரை கலியாணத்துக்குக் கார் கேட்டவன், நான் குடுக்கேல்லை. நேற்று மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்தவன்."

"முருங்கைக்காய் தரவெல்லோ எட்டிப் பாத்தவர்."

"முருங்கைக்காய் தர வந்தவன் ஏன் காரைப் பாக்கவேணும்?"

பிறகு எலியில் சந்தேகம் வந்தது. வயரைக் கடித்திருக்கும் என்று காருக்குக் கீழே பொறி வைத்தார். அதில் அவருடைய கால் பெருவிரல்தான் அகப்பட்டது. நொண்டிக்கொண்டே சாவகச்சேரிக் கராஜ்காரன் சிமியோனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, ரெண்டுக்கும் ஒரே வழிதான்," என்றான் சிமியோன். "நீங்கள் பிறேக் மிதிச்சது காருக்குத் தெரியாட்டில் அது குறூஸைத் தராது. ஒண்டில் பியூஸ், இல்லாட்டில் பெடலுக்கு மேலை இருக்கிற சுவிச். கொண்டுவாங்கோ, பத்து நிமிச வேலை."

போனை வைத்ததும் பரமலிங்கத்தார் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். "பத்து நிமிசமாம். யப்பான் சாமானைக் கழட்டி எடுத்துப்போட்டு ஊர்ச் சாமானைப் பூட்டப் பத்து நிமிசம் போதும்தானே? கராஜுக்குக் குடுக்கேலாது. நானே பாப்பன்."

பியூஸ் பெட்டி ஸ்ரியறிங்குக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில் இருந்தது. பரமலிங்கத்தார் குனிந்தார். வயிறு முதலில் போய் இடம் பிடித்துக்கொண்டது. தலைக்கு இடமில்லை.

"விடுங்கோ, நான் பாக்கிறன்," என்று பத்மாசினி ரோச் லைற்றோடு தலையை உள்ளே விட்டாள்.

"பழுதான பியூஸ் ஏதும் கிடக்கே?"

"இல்லையப்பா. இருக்கிறதெல்லாம் நல்லது."

அப்படியானால் பல்ப்தான் என்று சனிக்கிழமை இரண்டு பக்கமும் புதுப் பல்ப் மாற்றினார். அவர் மிதித்தார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். எரியவில்லை என்றாள். இன்னொருமுறை மிதித்தார். எரியவில்லை என்றாள். இரவு முழுக்கப் புரண்டு படுத்த மனிதருக்கு விடியப்புறம் ஞானம் பிறந்தது. புதுப் பல்ப் போட்ட பிறகு எரியவில்லை என்று சொன்னது ஆர்? பத்மாசினி. சம்மணம் கொட்டுவதற்குப் பயந்தது ஆர்? அதே பத்மாசினி. லைற் எரிந்திருக்கிறது, மனுசி பொய் சொல்லுகிறாள்! இத்தனை பஸ்ஸில் இத்தனை கள்ளரைப் பிடித்தவருக்கு வீட்டுக்குள் ஒருத்தியைப் பிடிக்கத் தெரியாதா?

ஞாயிறு காலை. கார் திறந்திருந்த கேற்றைப் பார்த்தபடி நின்றது. பத்மாசினி பட்டுச்சேலையோடு, தம்பி வீட்டுக்கு என்று சொல்லி ஒரு சாக்குத் தேங்காயைக் கார் டிக்கியில் ஏற்றிவிட்டு வந்தாள்.

"இண்டைக்கு நீர் மிதியும்," என்றார் பரமலிங்கத்தார். "நான் பின்னாலை நிண்டு பாக்கிறன்."

"ஐயோ, எனக்கு உதுகள் தெரியாதப்பா."

"மிதிக்க என்ன தெரியவேணும்? இடியப்பம் பிழியிற மாதிரி அமத்தும். கையாலை இல்லை, காலாலை."

அவள் ஓட்டுநர் இருக்கையில் பட்டும் படாமலும் இருந்தாள். "ஸ்ரார்ட்டிலை வைச்சுப் பாத்தால்தானே சரியாய்த் தெரியும். திறப்பு?"

பரமலிங்கத்தார் தயங்கினார். சபதம் ஒரு பக்கம், கள்ளியைப் பிடிக்கிற ஆசை ஒரு பக்கம். ஆசை வென்றது. வேட்டியை விலக்கி அரைஞாண் முடிச்சை அவிழ்த்தார். "வேறை ஒண்டையும் தொடாதையும்."

"ஓமப்பா. கொஞ்சம் பொறுங்கோ, செருப்பு வழுக்குது, கழட்டுறன்," என்று அவள் காலடியில் குனிந்து நிமிர்ந்தாள்.

பரமலிங்கத்தார் பின்னால் போய் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "மிதியும்!"

இடம், வலம், மேலே நடுவில் என்று மூன்று லைற்றும் செக்கச்செவேலென்று எரிந்தன.

"எரியுது! எரியுது! அகப்பட்டீர் பத்மா!" என்று துள்ளினார். "இப்ப காலை எடும்!"

அவள் காலை எடுத்தாள்.

ஹைபிரிட் கார் சத்தம் போடாது. ஆகவே கார் போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கு விளங்கியபோது அது கேற்றைத் தாண்டிவிட்டது. ஒழுங்கை முடிந்து வீதியில் ஏறும் முடக்கில் பிறேக் லைற் இன்னொருமுறை அழகாக எரிந்து, சிக்னல் போட்டு, ஏ-ஒன்பதுப் பக்கம் திரும்பியது.

மதிலுக்கு மேலால் சிவரூபன் எட்டிப் பார்த்தான். கையில் முருங்கைக்காய்.

"பத்மாக்கா நல்லா ஓடுறா, என்ன அண்ணை? போன மாசம்தானே லைசென்ஸ் எடுத்தவ."

"ஆர் எடுத்தது?"

"உங்களுக்குத் தெரியாதே? செவ்வாயும் வியாழனும் சாவகச்சேரியிலை என்ரை மகளோடைதானே கார் ஓடப் பழகினவ."

பரமலிங்கத்தார் கேற்றடியிலேயே குந்திவிட்டார். வெயில் ஏறியது. அவர் எழும்பவில்லை. கடைசியில் போன் அடித்தது.

"முறிகண்டியிலை நிக்கிறனப்பா. தேங்காய் உடைச்சாச்சு."

"எடியே, அந்த லைற் எப்பிடி எரிஞ்சது?"

"பியூஸ் என்ரை காசுப்பைக்குள்ளை கிடந்தது. வெள்ளிக்கிழமை விடிய, கார் துடைக்கக் கதவைத் திறந்துவிட்டு நீங்கள் தண்ணி அள்ளப் போகேக்கை எடுத்தனான், இண்டைக்குச் செருப்புக் கழட்டேக்கை திரும்பப் பூட்டிப்போட்டன். நீங்கள் பழுதானது கிடக்கோ எண்டுதானே கேட்டனீங்கள், இல்லாததைக் கேக்கேல்லையே. குறூஸும் நல்லா ஓடுது. பிள்ளையாரடியிலை பிறேக் பிடிச்சனான், ஒண்டும் அறுந்துபோகேல்லை."

பரமலிங்கத்தார் கேற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "அப்ப நான்? சுபாஸ்கரன் பாத்துக்கொண்டு நிப்பானே!"

"பஸ்ஸிலை வாங்கோப்பா. ரிக்கற் எடுக்க மறந்திடாதேங்கோ."